கூரையில் கை வைத்தவர்கள்

டோரீன் லேசில் யாரையும் நம்பமாட்டாள். தலவாக்கலை டவுனில் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சட்டைக்கு அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளுகிறவளை உடனே பிடித்துவிடுவாள். "மூச்ச விடுங்க மிஸ். பொய் அளவுக்குத் தச்சா பூசையில வச்சுக் கிழிஞ்சிரும்" என்பாள். கோயிலுக்குப் போனால் கழற்றிய செருப்பை வாசலில் விடாமல் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள். மாதா பார்த்துக்கொள்ளமாட்டாளா என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேலி பண்ணினார். "மாதாவ நம்புறேன் ஃபாதர். மாதாவப் பாக்க வர்றவங்களத்தான் நம்பல" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவர் செருப்பு விசயத்தில் தலையிடவில்லை.

இந்தக் குணம் அவளுக்குச் சும்மா வரவில்லை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயக் காம்பராவில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மரம் விழுந்து அப்பாவின் கால் போனது. வேலைக்குப் போகாதவனுக்குக் காம்பரா எதற்கு என்று பேச்சு எழுந்தது. வெளியே போ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஒரு மழைநாளில் இரண்டு பேரை ஏணியோடு அனுப்பினார். தகரம் ஓட்டையாம், புதுசு மாற்ற வேண்டுமாம். கழற்றிக்கொண்டு போன தகரத்துக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. அடுப்புச் சாம்பல் சேறாகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மா மூட்டை கட்டினாள். எத்தனை மரியாதையான ஏற்பாடு பாருங்கள். ஒருவரும் யாரையும் துரத்தவில்லை, இவர்களாகவே போய்விட்டார்கள்.

பேக்கரியில் வேலை செய்த சிறிலைக் கட்டிக்கொண்டு டோரீன் டவுனுக்கு வந்தாள். அங்கே கடை வைத்திருந்த ஒருவர், பௌசியாவின் புருசன், கடைக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். இரண்டு அறை, ஒரு குசினி, மேலே தகரம். வந்த அன்றைக்கு டோரீன் முதலில் அண்ணாந்து பார்த்தது கூரையைத்தான். அந்த வீட்டில்தான் மகன் றொக்சன் பிறந்தான். அங்கிருந்துதான் சிறிலின் சவப்பெட்டியும் போனது. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு, அதை மிதித்தே மகனைப் படிக்கவைத்தாள். பௌசியாவும் அதற்குள் புருசனை இழந்திருந்தாள். சிறிலின் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்று, "நீங்க இரிங்க தங்கச்சி. ஒழுங்கா வாடகை தாறீங்க, நான் என்னத்துக்கு எழுப்பப் போறேன்?" என்றாள். டோரீன் அதையும் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

நோன்புப் பெருநாளைக்குப் பௌசியா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் டோரீன் வீட்டிலிருந்து கேக் போகும். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சீனியோ வைத்துத்தான் கொடுப்பார்கள். இந்த வருசம் பெருநாளைக்கு வட்டிலப்பம் வரவில்லை. சரி, உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும் என்று டோரீன் வாயால் சொல்லிக்கொண்டாள். ஈஸ்டருக்குக் கேக் அனுப்பினாள். தட்டு அன்றைக்கே திரும்பி வந்தது, நன்றாகக் கழுவி, வெறுமையாக.

"ஏதோ நடக்குது" என்றாள் டோரீன், பித்தான் தைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாவிடம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் வந்து மடிப்பும் பித்தானும் தைத்துக் கொடுக்கிறவள் பேச்சியம்மா.

"மறந்திருப்பாங்கக்கா. வயசாகுதுல்ல."

"கழுவுறதுக்கு மறக்கலியே?"

அதற்குப் பிறகு எல்லாமே அவள் கண்ணில் பட ஆரம்பித்தது. கடையைப் பார்க்கிற பௌசியாவின் மகன் றம்ஸான் பின்சுவரோரம் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். டோரீன் எட்டிப் பார்த்ததும், "சும்மா ஆன்ட்டி" என்று சுருட்டிப் பைக்குள் போட்டான். சும்மா அளவெடுக்கிறவனை அவள் தன் தொழிலில் இதுவரை கண்டதில்லை. பௌசியா எதிரில் வந்தால் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். வாய் திறந்து கேட்டுவிட்டால் தீர்ந்துபோகிற விசயம்தான். ஆனால் கேட்டு, அவள் "ஆமா, போங்க" என்று சொல்லிவிட்டால்? டோரீன் அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் ஊரெல்லாம் கேட்டாள். ஆட்டோக்காரன், பத்து வருசம் இருந்தால் வீடு இருக்கிறவருக்கே சொந்தம் என்றான். மருந்துக்கடைக்காரர், எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் நாளைக்கே சாமானைத் தூக்கி வெளியே போடலாம் என்றார். இரண்டுமே தப்பு என்றார் கிராம சேவகர்.

"வாடகை குடுத்து இருக்கிறவங்க எத்தன வருசமானாலும் வாடகைக்காரங்கதான். வீடு உங்களுக்குச் சொந்தமாகாது. அதுக்காக நெனச்ச நேரத்துல எழுப்பவும் ஏலாது. வேணும்னா கோட்டுக்குப் போய், உத்தரவு எடுத்துத்தான் எழுப்பணும்."

அவரையும் டோரீன் சந்தேகப்பட்டாள். றம்ஸானின் கடையில்தான் அவர் சாமான் வாங்குகிறார்.

தினமும் பொழுதுபட்டதும் எல்லாவற்றையும் றொக்சனிடம் தொலைபேசியில் கொட்டுவாள். றொக்சன் வத்தளையில் இருந்தான். அவனும் மனைவி ஜெனுஷாவும் வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திண்டாட்டம். அம்மா சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பான்.

"ஏம்மா அவங்களோட மல்லுக்கட்டுறீங்க? விட்டுட்டு இங்க வந்துருங்க."

"இது என் வீடு தம்பி."

"வாடகை வீடுதானேம்மா."

பிள்ளைக்கு அம்மாமேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஜூலை மாதம் மடு மாதா திருவிழா வந்தது. கோயிலிலிருந்து பஸ் ஏற்பாடாகியிருந்தது, டோரீனும் பேர் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் கூடவே வரப்போகிறவர்களை விட்டால், வீடு பூட்டிக்கிடக்கப் போகிற விசயத்தை இரண்டே பேருக்குத்தான் சொன்னாள். ஒன்று றொக்சன், மற்றது பேச்சியம்மா. புறப்படுகிற விடியற்காலையில், பையைத் தோளில் மாட்டிய பிறகு, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. பையைக் கீழே வைத்தாள். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விளக்கைப் போடாமல், கதவை உட்பக்கம் தாழிட்டு உட்கார்ந்தாள்.

நன்றாக விடிந்து மழை சற்று விட்டபோது சுவரில் ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு கூரைமேல் காலடி. பிறகு ஆணி கிறீச்சென்று கழலுகிற சத்தம். தையல் மெஷினுக்கு நேர்மேலே ஒரு தகரம் தூக்கப்பட்டு, வெளிச்சமும் தூறலும் ஒன்றாக உள்ளே விழுந்தன. அந்த வெளிச்சத்தில் ஒரு பாஸ், கூரை வேலைக்கு வந்த மேசன், கீழே எட்டிப் பார்த்தார். கீழேயிருந்து ஒரு பெண்பிள்ளை தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மனுசன் விழப்போனார்.

"மே கே மகே!" என்று டோரீன் சிங்களத்தில் கத்தினாள், இது என் வீடு என்று. கதவைத் திறந்து வெளியே ஓடினாள். அங்கே குடையோடு நின்ற றம்ஸானுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"ஆன்ட்டி, நீங்க மடுவுக்குப் போகல்லியா?"

"ஒனக்கு யாரு சொன்னா நான் மடுவுக்குப் போறேன்னு?"

அவன் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கும். சொல்லவில்லை, கோழை. பாஸைக் கூப்பிட்டுத் தகரத்தைத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டான்.

டோரீனுக்கோ கணக்கு மிகச் சுலபமாக இருந்தது. சொன்னது இரண்டு பேருக்கு, அதில் ஒருவன் பெற்ற பிள்ளை. மறுநாள் பேச்சியம்மா வந்து ஊசியில் நூல் கோக்கும்போது, "நாளையிலருந்து வராத" என்றாள். பேச்சியம்மா விறைத்துப்போனாள். "நான் என்னக்கா செஞ்சேன்?" என்று இரண்டு தரம் கேட்டாள். "நீ என்ன செஞ்சேன்னு ஒனக்கே தெரியும்." கோத்த நூலை உருவி வைத்துவிட்டு, அழுதுகொண்டே மழையில் இறங்கிப் போனாள் பேச்சியம்மா. இதை எழுதும்போது டோரீன்மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டோரீன் பொலிஸில் என்ட்ரி போட்டாள். இந்த மாதிரி முறைப்பாட்டுக்கெல்லாம் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சபை விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறது. வக்கீல் கிடையாது. மத்தியஸ்தர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பேசவைத்துச் சமரசம் பண்ணுவார்கள்.

றொக்சன் வத்தளையிலிருந்து வந்து சேர்ந்தான். "வேணாம்மா, கேஸ் கீஸ்னு அலையாதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். துணைக்கு மகன் இருக்கிற தைரியத்தில் டோரீன் நெஞ்சை நிமிர்த்திப் போய் உட்கார்ந்தாள். எதிரே பௌசியாவும் றம்ஸானும். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர், அவர்தான் தலைவர். டோரீன் தட்டிலிருந்து தகரம்வரை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் தலைவர், பௌசியாவிடம்.

பௌசியா தலைவரைப் பார்க்கவில்லை, டோரீனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இத்தன வருசம் பக்கத்துல இருந்தீங்களே தங்கச்சி. வீட்ட விட்டுப் போறேன்னு எனக்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகா எனக்குத் தெரியணும்? அந்தக் கோவம்தான் எனக்கு. தட்டுல என்னத்த வைக்கச் சொல்றீங்க?"

"நான் எங்க ராத்தா போறேன்? யாரு சொன்னா?"

பௌசியா திகைத்துப்போய் மகனைப் பார்த்தாள். றம்ஸான் றொக்சனைப் பார்த்தான். அறையில் இருந்த எல்லோரும் வரிசையாகத் திரும்ப, கடைசியாக டோரீனும் திரும்பினாள்.

"இவர்தான் சேர்" என்றான் றம்ஸான். "நத்தாருக்கு வந்தப்ப டீக்கடையில வச்சு, அம்மா எங்களோட வரச் சம்மதிச்சிட்டாங்க, மேல மாடி கட்டுறதுன்னா கட்டுங்கன்னு சொன்னாரு. அம்மா மடுவுக்குப் போற அன்னிக்கே வேலையத் தொடங்கச் சொன்னதும் இவர்தான். வீட்டு ஆம்பள சொல்றாரேன்னு நான் நம்பிட்டேன்."

இதுதான் எங்கள் ஊர்க் காரியம். ஒருத்தியின் வீட்டை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பதை இரண்டு பையன்கள் டீக்கடையில் நின்று பேசி முடித்துவிட்டார்கள். இருவரில் ஒருவனுக்குக்கூடத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"தம்பி?" என்றாள் டோரீன். அவ்வளவுதான் வந்தது.

றொக்சன் மேசையைப் பார்த்துப் பேசினான். "ஒங்க நல்லதுக்குத்தாம்மா. நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறீங்க. வீட்டுக்காரங்க எழுப்புனா வந்துதானே ஆகணும்னு நெனச்சேன். பிள்ளையப் பாக்க ஆளில்லம்மா."

மழையில் இறங்கிப் போன பேச்சியம்மாவின் முதுகு டோரீனின் கண்ணில் நின்றது. உடம்பெல்லாம் கூசியது. நடந்ததில் அவள் சந்தேகப்பட்டது ஒன்றுகூடப் பொய்யில்லை. கூரையைக் கழற்றித் தன்னை எழுப்பப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வீட்டுல வாடகைக்கு இருக்கிறது நீங்கதானே?"

"நாந்தாங்க."

"அப்ப மகன் சொன்னது செல்லாது. வீட்ட விடுறதா, இருக்கிறதான்னு சொல்ல வேண்டியவங்க நீங்க மட்டுந்தான். இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

அதன்படி சமரசம் எழுதப்பட்டது. டோரீன் முன்போலவே வாடகைக்கு இருக்கலாம். அவளுக்குச் சொல்லாமல் கூரையிலோ சுவரிலோ யாரும் கை வைக்கக்கூடாது. பௌசியா எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டினாள்.

"இன்னும் ஒண்ணு" என்றார் தலைவர், பேனாவை நிறுத்தாமல். "நீங்க ஊர்ல இல்லாத நேரம் வீட்டுல ஏதும் அவசரம்னா, ஒங்க பக்கத்துல யாருகிட்ட கேக்கணும்? மகன் பேரையே போட்டுறவா?"

றொக்சன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். டோரீன் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பௌசியா ராத்தா பேரப் போடுங்க."

தலைவர் பேனாவை நிறுத்தினார். "அம்மா, அவங்கதானே ஒங்க எதிராளி?"

"இருக்கட்டுங்க" என்றாள் டோரீன். "அவங்களுக்கு என்மேல கோவம்னா எனக்கு மூஞ்சியில தெரியும்."