வெளிச்சம் காட்டியது நான்

தெரணியகலைக் கடைத்தெருவில் முதன்முதலில் ஓடு போட்ட கடை என்னுடையது. ஆற்று வெள்ளம் ஒரு பக்கச் சுவரைக் கொண்டுபோனது, மறுபடி எழுப்பினேன். பாறையில் கிணறு வெட்ட முடியாது என்றார்கள். வெட்டினேன், இன்று பாதித் தெரு அதில்தான் தண்ணீர் மொள்ளுகிறது. இரண்டு மாட்டு வண்டி இருக்கிறது. மலைச்சரிவில் சொந்த ரப்பர் நிற்கிறது. ஒரு கம்பளியோடு தோட்டத்துக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடம் தெரியாது. கடைப் பலகைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டினேன். இப்போது சிங்களவர்களும் முஸ்லிம் வியாபாரிகளும் என்னை ‘முதலாளி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதெல்லாம் ஊர் ஒத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பங்களாவில் துரைசாணியின் செடியைக் காப்பாற்றி வளர்த்தவன் நான்தான் என்பதை.

அப்போது நான் ரப்பரில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த துரைசாணி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, ஆப்பிரிக்கா பக்கமிருந்து கப்பலில் சில செடிகள் கொண்டுவந்தாள். தண்டே தெரியாது. தடித்த இலைகள் தாமரை போல அடுக்கடுக்காக இருக்கும். கிள்ளினால் நீர் சொட்டும். பங்களா பட்லர் அதைக் கற்றாழைச் சாதி என்று முடிவு கட்டிவிட்டார். கூலிக்காரர்கள் நாங்கள் குடியிருந்த லயத்து வாசல்களில் கண்ணேறுக்காகக் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டியிருப்போம். மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் அது பாட்டுக்குத் தொங்கும். “இதுக்கு என்னங்க வேணும், மூலையில கெடந்தாலும் பொழைச்சுக்கும்” என்று சாப்பாட்டு அறை மூலையில் வைத்துவிட்டார்.

இரத்தினபுரிப் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும். செடிகள் வெளுத்து, கழுத்து நீண்டு, ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்துவிட்டன. பங்களாக் கூரைப் பீலியில் அடைத்த இலையை அள்ளப் போன நான் அதைப் பார்த்துவிட்டு, “இது நோவு இல்லீங்கம்மா, வெளிச்சத்துக்கு ஏங்குது” என்றேன். அன்றே துரைசாணி என்னைப் பட்லருக்குக் கீழே பூந்தோட்டத்து வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் வேண்டும் என்று தூக்கி வெயிலில் வைத்துவிட முடியாது. ரப்பர் நிழலில் பால் வெட்டிப் பழகியவனை ஒரே நாளில் ரோட்டு வேலைக்கு மாற்றினால் மத்தியானத்துக்குள் சுருண்டு விழுவான். செடியும் அப்படித்தான். முதலில் விறாந்தை உள்பக்கம் வைத்தேன். பிறகு ஒவ்வொரு சாணாக வெளியே நகர்த்தினேன். காலை வெயில் படும், மழைச் சாரல் படாது, அப்படி ஓர் இடம். சாயாமல் இருக்கச் சட்டியைத் திருப்பித் திருப்பி வைப்பேன். இலை ஓரம் லேசாகச் சிவந்தால் வெளிச்சம் சரி. வெளுத்துக் கழுத்தை நீட்டினால் போதாது. தேமல் போல வெள்ளை விழுந்தால் கூடிவிட்டது. மழை குறைந்ததும் எல்லாச் சட்டிகளையும் ரப்பர் ஓரத்துச் சல்லடை நிழலுக்குக் கொண்டுபோனேன். பூவும் பூத்தது.

இரத்தினபுரியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய மலர்க்காட்சியில் அதற்கு வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. சட்டியைத் தோளில் சுமந்துபோனவன் நான். விருந்தாளிகள் நடுவில் துரைசாணி, “யார் பார்த்தது இது? நல்ல கை” என்று கேட்டாள்.

“நான்தாங்கம்மா. புள்ள மாதிரி பாத்தேன்” என்றார் பட்லர்.

“பொய்யிங்கம்மா!” என்றேன்.

“இவனுக்கு வெயில்ல மூள கலங்கிருச்சிங்க” என்றார். துரை சிரித்தார். மறுநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிடும்போது என்னை ரோட்டு வேலைக்குத் தள்ளினார்கள். கல்லுடைத்து உடைத்து என் பிடரித் தோல் உரிந்தது.

அந்த ரோடு பங்களாவுக்குக் கீழேதான் ஓடியது. செடிகள் நான் வைத்த இடத்திலேயே ரப்பருக்குக் கீழே இருந்தன. கிண்ணம் வாங்கிக் கொடுத்த இடமாயிற்றே, பட்லர் நகர்த்துவாரா? ஆனால் தை பிறந்தால் ரப்பர் இலை சிவந்து கொட்டும் என்பது பால் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். இலை விழுந்தால் கூட்டச் சொல்லத்தான் பட்லருக்குத் தெரியும், அண்ணாந்து பார்த்ததில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கல்லுடைத்துக்கொண்டே கிளைகள் மொட்டையாவதைப் பார்த்தேன். அதைப் போல இனிப்பு எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படித்தான் செய்வேன்.

நிழல் போனதும் செடி இலைகள் வெயிலில் பொரித்த அப்பளம் மாதிரி ஆயின. தாகம் என்று நினைத்துப் பட்லர் தண்ணீரை ஊற்றினார். வெந்தது போக மிச்சம் அழுகியது. கடைசியில் வெள்ளைக் கோட்டோடு ரோட்டுக்கு இறங்கி வந்தார்.

“தம்பி, கொஞ்சம் வந்து பாரேன்.”

“வளத்தவுகளுக்குத் தெரியாததா அண்ணே?”

கல் பொறுக்கிய பெண்களில் ஒருத்தி, “பெத்த புள்ளய அடுத்தவன்கிட்டயா காட்டுறது?” என்றாள். ரோடே சிரித்தது.

“சரி, வாறேன். ஆனா யாரு வளத்ததுன்னு அம்மாகிட்டச் சொல்லணும்.”

“சொல்றேன் தம்பி, சொல்றேன்.”

போனேன். ஒரே ஒரு பக்கக் கன்றுதான் உயிரோடு இருந்தது. அதை நான் தொடவில்லை. பட்லரைத்தான் தூக்க வைத்தேன். “இன்னும் ஒரு சாண் அண்ணே. அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம். இல்ல இல்ல, பழைய எடத்துக்கே கொண்டாங்க.” சமையற்காரர்கள் பார்க்க, தினமும் காலையில் அவர் சட்டியும் கையுமாக நடந்தார். கன்று தேறியது. துரைசாணி சந்தோஷப்பட்டாள். பட்லர் சொன்னாரா? இல்லை. கப்பலேறும் வரைக்கும் அவளுக்கு அவர்தான் கைராசிக்காரர்.

அந்த ஆள் செத்துவிட்டார். செத்தவரைப் பற்றிப் பேசக்கூடாது என்பார்கள். பேசுவேன். அவர் மகன்தான் இப்போது அங்கே பட்லர். வாசல் நெடுகச் சட்டிகள், எல்லாம் அந்த ஒற்றைக் கன்றின் வம்சம். வருகிறவர்களிடம், “எங்கப்பா வளத்ததுங்க” என்கிறானாம். என் வண்டிக்காரன் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

தம்பி, உனக்குத்தான் எழுதுகிறேன். செடியை நீயே வைத்துக்கொள். கிண்ணமும் எனக்கு வேண்டாம். சட்டியைச் சுமந்து நடந்தவர் உன் அப்பா, எங்கே வைப்பது என்று சொன்னவன் நான். அடுத்த விருந்தாளி வரும்போது அந்த வாசலில் நின்று, என் பெயரை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் உன் அப்பா பெயரைச் சொல்.