பரமேஸ்வரி அனுப்பிவைத்த கடைசிக் காணொளி

பரமேஸ்வரி கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் காலமானார். வயது ஐம்பத்தொன்று. செய்தியைச் சொன்னவர் அவருடைய தம்பி சேகர். நேரத்தை அவர் வார்டில் இருந்த தாதியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூளையில் இரத்தக் கசிவு என்று மருத்துவர் சொன்னதாகவும் தெரிவித்தார். தொலைபேசியை வைத்த பிறகு நான் மறுபடியும் அவரை அழைத்தேன். "உறுதியா, சேகர்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அக்காவும் இப்படித்தான் ரெண்டு தடவ கேக்கும் அண்ணே" என்றார்.

புக்கிட் ரோத்தான் வட்டாரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பரமேஸ்வரியைத் தெரியாதவர்கள் குறைவு. நான் செய்தி எழுதும் பத்திரிகைக்குப் பதினெட்டு ஆண்டுகள் மரண அறிவிப்பு விளம்பரம் சேகரித்தவர். சாவு விழுந்த வீட்டுக்கு மோட்டாரில் வருவார். படத்தை வாங்கிக்கொள்வார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்களை விட்டுப்போகாமல் எழுதிக்கொள்வார். அவர் நிரப்பும் பாரத்தில், அதாவது விளம்பரப் படிவத்தில், எங்கள் பத்திரிகையின் பாரத்தில் இல்லாத ஒரு வரி இருந்தது. அவரே கையால் கோடு போட்டுச் சேர்த்தது: "உறுதி செய்தவர்".

அந்த வரிக்குக் காரணம் உண்டு. ஒரு நாள் கோலா சிலாங்கூர் கிளை அலுவலகத்தில் நானும் அவரும் இருந்தபோது இரண்டு பேர் படத்தோடு வந்தார்கள். அப்பாவுக்கு விளம்பரம் வேண்டும் என்றார்கள். "எப்ப தவறுனாரு?" என்று கேட்டார் பரமேஸ்வரி.

மூத்தவர் தயங்கினார். "இன்னைக்கோ நாளைக்கோ லா. இழுத்துக்கிட்டு கெடக்கு. முன்கூட்டியே கொடுத்துட்டா வேல சுளுவா இருக்கும்னு..."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மொதல்ல வீட்டுக்குப் போங்க. அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க. எனக்கு இந்த விளம்பரம் வேணாம்."

அவர்கள் போன பிறகு ஒரு பாரத்தை எடுத்து அந்த வரிக்குக் கோடு போட்டார். வந்தவர்களின் அப்பா அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி பார்த்தார்.

பரமேஸ்வரியைப் பற்றி ஊரில் ஒரு கிண்டல் உண்டு. "பரமு மோட்டாரு வாசல்ல நின்னா, உள்ள ஆளு முடிஞ்சாச்சு." அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். கிளை அலுவலகம் மூடப்பட்டு அவருக்கு வேலை போனபோது, அந்தக் கிண்டல் எவ்வளவு பெரிய தடையாகப் போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

வேலை போன இரண்டாவது மாதம் அவர் பராமரிப்பாளர் பயிற்சியில் சேர்ந்தார். இணையம் வழி இயங்கலையில் நடக்கும் தொழிற்பயிற்சி. பாடங்களை நமக்கு வசதியான நேரத்தில் கைப்பேசியில் பார்க்கலாம். செய்முறைகளை நாமே காணொளியாக எடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் தேறினால் திரையில் பச்சைக் குறி விழும். எல்லாம் பச்சையானால் சான்றிதழ். ஒரு முதியோர் இல்லத்தில் அவரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், சான்றிதழோடு வந்தால்.

அவர் குடியிருந்த தோட்ட வீட்டில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. புக்கிட் ரோத்தான் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் பாடம் பார்ப்பார். பாடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. புரியாத இடத்தில் நிறுத்திவிட்டு எனக்கு அழைப்பார். குறிப்பெடுக்கப் புது நோட்டு வாங்கவில்லை. மிச்சமிருந்த மரண அறிவிப்புப் பாரங்களின் பின்பக்கத்தில் எழுதினார்.

மூன்றாவது பாடம் விழுங்குவதைப் பற்றியது. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டை சரியாக வேலை செய்யாது, தண்ணீர் போல ஓடும் எதைக் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போகக்கூடும், கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அன்று அவர் என்னை அழைத்தபோது பின்னணியில் லோரிகள் போகும் சத்தம் கேட்டது.  

"அண்ணே" என்றார். "கணபதிக்கு நாங்கதான் ஊத்திக் கொன்னுட்டமா?"

கணபதி அவருடைய கணவர். தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் வேலை பார்த்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பன்னிரண்டாம் நாள் அவருக்கு மூச்சு முட்டியது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து சனம் கூடிவிட்டது. உயிர் பிரியும் நேரம், பால் ஊற்றுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நம் வழக்கம் அது. சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி பால் வாயில் விடுவார்கள். முதல் கரண்டியை விட்டவர் பரமேஸ்வரி. கணபதி இருமினார். வரிசை நிற்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

"அவரு சாகப் போறாருன்னு யாருண்ணே உறுதி செஞ்சா? ஊரு பூரா அந்தக் கேள்வியக் கேட்டேன். என் வீட்டுல நான் கேக்கல."

எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் கேட்டேன். பாலினால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆறு ஆண்டுகள் கழித்து யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அதை அப்படியே பரமேஸ்வரியிடம் சொன்னேன். 

"நியூஸ் எழுதுற மாதிரியே பதில் சொல்றீங்க அண்ணே."

இல்லை, உன்னால் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். முப்பது ஆண்டுச் செய்தியாளன் பழக்கம், உறுதியாகாததைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலோடு அவர் தனியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். இதைத் திருத்தி எழுத எனக்கு இனி வழியில்லை.

அதன் பிறகு அவர் படித்தது வேலைக்காக மட்டும் இல்லை. ஒரே பாடத்தை ஐந்தாறு முறை பார்த்தார். செய்முறைக்கு நோயாளி வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார். யாரும் கதவைத் திறக்கவில்லை. "எங்க மாமியார் நல்லாத்தான் இருக்காங்க, நீங்க வேற" என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இன்னொரு வீட்டில் அவர் மோட்டாரை நிறுத்தும்போதே பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். அன்று அவர் என்னிடம் வந்து, "பதினெட்டு வருசம் செத்தவங்களுக்கு ஒழைச்சேன். உசுரோட இருக்கறவங்க கிட்ட வர விடமாட்டேங்கறாங்க" என்றார்.  

கடைசியில் அவரை உள்ளே விட்டது என் அண்ணன் வீடு. அண்ணன் லோரி ஓட்டியவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். அண்ணிக்கும் தயக்கம்தான். "அவங்க மோட்டாரு இங்க நின்னா தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுல என்னா நினைப்பாங்க?" என்று என்னிடம் முணுமுணுத்தார். பரமேஸ்வரி மோட்டாரைத் தெருமுனை ஒட்டுக்கடையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். கடைசிவரை அப்படித்தான் வந்தார்.

குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைவிரிப்பை மாற்றுவது எல்லாம் அண்ணனை வைத்துத்தான். அண்ணி கைப்பேசியைப் பிடிப்பார். ஒவ்வொன்றாகப் பச்சைக் குறி விழுந்தது. உணவூட்டும் செய்முறை மட்டும் காலியாகவே கிடந்தது. கெட்டியாக்கிய கஞ்சியைக் குழைத்து அண்ணி கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். தன் கையால் அவர் அண்ணனுக்கு ஒரு கரண்டி ஊட்டியதில்லை. அதை அனுப்பும் கெடுவை இரண்டு முறை தள்ளிவைக்கக் கேட்டு வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சளி கட்டி நெஞ்சு கரகரவென்று இழுத்தது. சொந்தங்கள் வந்துவிட்டார்கள். எங்கள் தாய்மாமன் பால் கிண்ணத்தோடு நின்றார். அண்ணி அழுதுகொண்டே பரமேஸ்வரிக்கு அழைத்தார். அன்றுதான் ஒரே முறை அவர் மோட்டாரை வாசலிலேயே நிறுத்தினார்.

"வந்துட்டா, விளம்பரம் எடுக்க" என்றார் மாமா.

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சா?" என்றார் பரமேஸ்வரி. கூப்பிடவில்லை. எனக்குக் கண் காட்டினார். நான் அழைத்தேன். அவர் அண்ணனின் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினார்.

"நகரு. மூத்தவன் நானு. மொத கரண்டி நான் ஊத்தணும்."

"ஊத்துங்க மாமா. யாரு வேணாங்கறா? ஆனா கரண்டி வேணாம்." பையிலிருந்து பஞ்சுச் சுருளை எடுத்தார். கொஞ்சம் கிள்ளிப் பாலில் தொட்டு, ஒட்டப் பிழிந்து, மாமாவின் விரல்களில் வைத்தார். "ஒதட்டுல மட்டும் தடவுங்க. இதுவும் பால்தான். அவரு போறதுன்னா இது போதும். இருக்கறதுன்னா, இது அவர ஒண்ணும் பண்ணாது."

 மாமா தடவினார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பஞ்சை வாங்கித் தடவினார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஒன்பதாம் நாள் அண்ணன் வீடு திரும்பினார்.

மூன்று வாரங்களுக்கு முன் பரமேஸ்வரி தாமாகவே, "இன்னைக்கு எடுத்துடலாம் அண்ணி" என்றார். அண்ணி எடுத்த காணொளியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அரைக் கரண்டி. பரமேஸ்வரி அவர் தொண்டை அசைவதைப் பார்க்கிறார். "ஆ சொல்லுங்க பெரியண்ணே" என்கிறார். அண்ணனின் குரல் ஈரமில்லாமல் தெளிவாக இருக்கிறது, தொண்டையில் எதுவும் தங்கவில்லை. மறுபடியும் அரைக் கரண்டி. ஐந்தாவது கரண்டியில் அண்ணன் இருமுகிறார்.

பரமேஸ்வரியின் கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.  அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த லயத்து அறையில் இருக்கிறார். சில நொடிகள் போகின்றன. பிறகு கரண்டியைக் கீழே வைக்கிறார். அண்ணனை முன்னால் சாய்த்துப் பிடிக்கிறார். காத்திருக்கிறார். இருமல் அடங்குகிறது. "ஆ சொல்லுங்க." அண்ணன் சொல்கிறார்.

"இது வேணாம், வேற எடுப்போம் லா" என்று அண்ணி சொல்வது அதில் கேட்கிறது.

"இருமினது நெசம் அண்ணி. நடந்ததையே அனுப்புவோம்."

அன்றே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அனுப்பினார். அந்தச் சில நொடிகளுக்காக மதிப்பீட்டாளர் அவரைத் தேறவில்லை என்று சொல்லலாம். அவருக்கும் அது தெரியும். தினமும் இரண்டு வேளை பேருந்து நிறுத்தத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தார். காலியாகவே இருந்தது.

போன ஞாயிறு காலை வீட்டில் சுருண்டு விழுந்தார். திங்கள் மாலை சேகர் என்னை அழைத்து, "டாக்டரு இனி கஷ்டம்கறாரு. பால் ஊத்தலாமாண்ணே?" என்று கேட்டார். தாதியிடம் கேட்கச் சொன்னேன். வாயில் எதுவும் விடக்கூடாது, உதட்டை நனைக்கலாம் என்றார் தாதி. அண்ணி பஞ்சுச் சுருளோடு வந்தார். எல்லோரும் தடவினோம். எங்கள் மாமாவும் வந்து தடவினார். பரமேஸ்வரி இருமவில்லை.

அவருடைய மரண அறிவிப்பை நான்தான் எழுதினேன். "உறுதி செய்தவர்" என்ற இடத்தில் தாதியின் பெயரை எழுதினேன். பத்திரிகையில் அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் போட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாரம். முன்பக்கத்தில் பெயர், வயது, மறைந்த நேரம் என்று நிரப்பாத கோடுகள். பின்பக்கத்தில் அவர் கையெழுத்து: "அரைக் கரண்டி. காத்திரு. குரலைக் கேள்." அதன் நகல் அண்ணன் வீட்டு அடுப்படிச் சுவரில் இருக்கிறது. இப்போது அண்ணிதான் ஊட்டுகிறார். அண்ணன் இருமினால் நிறுத்திவிட்டு அதைப் பார்க்கிறார்.

பயிற்சிக் கழகத்துக்கு நேற்று பேசினேன். காணொளி இன்னும் மதிப்பீட்டில் இருக்கிறது, மாணவி இறந்தாலும் முடிவு பதிவான எண்ணுக்குப் போகும் என்று பதிவுப் பிரிவில் இருந்தவர் சொன்னார். சேகர் அக்காவின் கைப்பேசியை அணைக்காமல் வைத்திருக்கிறார். வீட்டில் லைன் இல்லாததால், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்க்கிறார்.

கணபதியைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வர எந்தத் தேதியும் இல்லை. காணொளியின் முடிவு வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரும்.