பிரேக் மாஸ்டரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு இன்னொரு பிரேக். சக மனிதனை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அந்த இரண்டாவது பிரேக்தான் அளவுகோல். அதன்மேல் கால் வைத்தே தலை நரைத்தவர் எங்கள் பகுதி மாஸ்டர். இங்கே பாதிப்பேர் அவரிடம் வண்டி ஓட்டக் கற்றார்கள். மீதிப்பேர் அவர்களால் சாலையைக் கவனமாகக் கடக்கக் கற்றார்கள்.

வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் வேலையை விடவில்லை. பஸ்ஸில் போனால் மிதிக்கும். பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி இறங்கினால் மிதிக்கும். வீட்டில் மனைவி ஆசையாக, "நான் ஒண்ணு பண்ணலாம்னு..." என்று தொடங்கும்போதே மேஜைக்கடியில் 'டப்' என்று கேட்கும். மனைவியிடம் ஒருநாளும் வாயைத் திறந்து வேண்டாம் என்றவரில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

மனைவிக்கு மருத்துவமனையில் டோக்கன் கவுண்டர் வேலை. நாளெல்லாம் நம்பர் கூப்பிடும் குரல். நம்பரைத் தவிர வேறு எதையாவது சொல்லிப் பார்க்கலாமே என்று சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தார். நூலக மாடியில் ஒத்திகை. துணைக்குப் போன மாஸ்டரையும், கட்டைக்குரலுக்கு ஆள் பஞ்சம் என்று பின்வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

குழுவை நடத்துபவர் பல் டாக்டர் அம்மா. "நல்லாத் திறங்க" என்று அவர் சொன்னால் வாய் தானாகத் திறக்கும், கண் தானாக மூடும். ஆனால் எந்தப் பாட்டும் பாதி வழியில் நொண்டியது. படகுப் பாட்டில் படகு தரைதட்டியது. தாலாட்டில் பாடகர்களுக்கே கொட்டாவி வந்தது. ஒருநாள் டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு பின்வரிசைக்கே போய் நின்றார். மரத்தரையில் 'டப்' கேட்டது.

"மாஸ்டர், இது உங்க காலா?"

"நான் எங்கம்மா மிதிக்கிறேன்? அதுவாப் போகுது."

"ஆடுறதைப் பிடுங்குறதுதான் என் தொழில். பார்த்துக்குங்க."

விஷயம் என்னவென்றால், பின்வரிசை முழுக்க அவரிடம் வண்டி கற்றவர்கள். 'டப்' கேட்டும் வேகம் குறையாவிட்டால் அடுத்து திட்டு விழும் என்பது அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது. டாக்டரின் கையை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் பல்சுவைப் பாட்டுக் கச்சேரிக்கு நாள் குறித்தார்கள். மழைப் பாட்டின் நடுவே நாலு வரி, தனியாக, மாஸ்டர் மனைவிக்கு. அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் பேச்சைத் தொடங்கினார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

கால் எழும்பியது.

"கீழ வைக்காதீங்க. முதல்ல கேளுங்க. நீங்க மிதிச்சப்ப எல்லாம் நின்னிருக்கேன். அந்த நாலு வரியை மட்டும் எனக்கு விட்டுடுங்க. அங்க மிதிச்சீங்க, அப்படியே நின்னுடுவேன். மறுபடி எடுக்க வராது எனக்கு."

"நான் வேணா வராம இருந்துடவா?"

"வரணும். வந்து, மிதிக்காம நிக்கணும்."

மாஸ்டர் காலைப் பஞ்சு வைப்பதுபோல் தரையில் வைத்தார்.

கச்சேரியன்று, பள்ளிக்கூட மேடையில் ஏறியதும் பக்கத்தில் நின்ற சலூன்காரரிடம் கிசுகிசுத்தார். "டேய், மழைப் பாட்டு வந்தா என் வலது கால்மேல ஏறி நில்லு."

"மாஸ்டர்! எத்தனை வருஷக் கனவு தெரியுமா இது!"

வாழ்த்துப் பாடல் ஒழுங்காக நடந்தது. ஒருவருக்கும் அர்த்தம் தெரியாத வெளிநாட்டுப் பாட்டில் தப்பு இருந்ததா என்று சொல்ல ஆளில்லை, நல்ல கைதட்டல். அடுத்தது மழை. சலூன்காரரின் ஷூ பாரமாக இறங்கியது. மனைவி ஒரு அடி முன்னால் வந்தார்.

முதல் வரி சீராகப் போனது. இரண்டாவதில் பதற்றம், வேகம் ஏறியது. கீபோர்டுக்காரப் பெண் பின்னாலேயே துரத்தினாள்.

"மாஸ்டர், துள்ளுது!"

"விடாதே, அமுக்கு!"

மூன்றாவது வரியில் டாக்டர் அம்மா கையைச் சும்மா விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்காவதில் அந்தக் குரல், ஒத்திகையில் எட்டிக்கூடப் பார்க்காத உயரத்துக்குப் போனது. வாயைப் பிளந்த சலூன்காரர் தன்னை மறந்து காலை எடுத்துவிட்டார்.

கால் விடுதலையானது. தடுக்க ஆளில்லை. மாஸ்டர் கீழே குனிந்து பார்த்தார். அது யாருடையதோ போலச் சும்மா இருந்தது. நிமிர்ந்தபோது வரி முடிந்திருந்தது. அரங்கம் கைதட்டியது.

வீட்டுக்கு நடந்தார்கள். மாஸ்டர் விந்தி விந்தி வந்தார்.

"ரொம்ப வேகமாப் போயிட்டேனா?" என்றார் மனைவி.

"போனே."

"பின்ன ஏன் மிதிக்கல?"

மாஸ்டர் யோசித்தார். "எதிர்ல யாரும் வரல."

"வந்திருந்தாலும் நான் நின்னிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் விந்தி நடப்பதைப் பார்த்துத் தன் நடையை மெதுவாக்கிக்கொண்டார் மனைவி.