பச்சைச் சேலை இல்லாமல் ஒரு படம்

1986-இல் துனிஸ், கெய்ரோ, அம்மான் என்று மூன்று வாரம் சுற்றினேன். போனது வியாபாரத்துக்கு. பாரிஸில், லாச்சப்பலில் இருந்த என் மளிகைக் கடைக்குப் பேரீச்சம்பழமும் கருஞ்சீரகமும் தரகர் இல்லாமல் வாங்க முடியுமா என்று பார்க்கப் போனேன். படம் எடுக்கும் பைத்தியமும் கூடவே வந்தது. பிரமிடு அஞ்சலட்டையிலேயே கிடைக்கும். நான் எடுத்தது சுமைதூக்கிகளை, தேநீர் விற்கிறவர்களை, மாடிப்படி துடைக்கிறவர்களை. அப்படிப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். கடைக்கு வரும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பையன்களோ அகதி விண்ணப்பம் முடியும்வரை எங்கும் நகர முடியாதவர்கள். அதனால் அவர்களுக்கு நான்தான் தூது.

அவர்களில் ஒருவன் செல்வம். மன்னார்க்காரன், பாரிஸை ஒட்டிய ஸ்தேனில் குடியிருந்தான், உணவகத்தில் பாத்திரம் கழுவினான். மனைவி புஷ்பம் அம்மானில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். இருவரும் பார்த்து ஐந்து வருடம். ஒருநாள் அவள் அனுப்பிய படத்தைக் கடையில் காட்டினான்: மயில்பச்சைச் சேலை, பக்கத்தில் பூச்சாடி. பக்கத்து ஊரான எபினேயிலிருந்து வந்திருந்த ஒருவர் அம்மானில் இருக்கும் தன் தங்கையின் படத்தை எடுத்து அருகில் வைத்தார். அதே சேலை, அதே பூச்சாடி.

“அங்கை சீலையை வாடகைக்கு விடுறாங்களோ?” என்று அவர் சிரித்தார். செல்வம் சிரிக்கவில்லை.

“அண்ணை, எனக்கு இந்தச் சீலை வேண்டாம். அவள் வேலை செய்யிற உடுப்போடை, வேலை செய்யிற இடத்திலை ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. உண்மையிலை எப்பிடி இருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

துனிஸிலிருந்து கெய்ரோவுக்கு விமானம். அங்கிருந்து சினாய் வழியாக நுவெய்பா துறைமுகத்துக்குப் பேருந்து, சுமார் 460 கிலோமீட்டர். எட்டு மணி நேரம் என்பார்கள், பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அகபாவுக்குக் கப்பல். மேல்தளம் முழுக்க வேலை தேடிப் போகும் எகிப்தியர்கள், கம்பளி மூட்டைகள், மண்ணெண்ணெய் அடுப்புகள். என் கேமராவைப் பார்த்ததும் ஒருவன் பக்கத்து ஆளின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றான். எடுத்தேன். அகபாவிலிருந்து அம்மானுக்கு இன்னொரு 330 கிலோமீட்டர்.

அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வேலைக்கு வந்த இலங்கைப் பெண்கள் மாதா கோவில் பூசைக்கு வருவதும் அன்றுதான். கோவிலின் பின்னறையில், ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையில் அந்தப் பச்சைச் சேலை இருந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து வாங்கியது. யாருக்குப் படம் எடுக்கவேண்டுமோ அவர் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவார்.

“கட்டிக்கொண்டு வாறன், அண்ணை,” என்று எழுந்தாள் புஷ்பம்.

“வேணாம்மா. நீ வேலை செய்யிற மாதிரியேதான் செல்வம் கேட்டிருக்கான்.”

அவள் முகம் இறுகியது. “அவர் எனக்கு அனுப்பின படம் தெரியுமோ? கோட்டுப் போட்டு, காரிலை சாய்ஞ்சுகொண்டு. ஆற்றை கார் அது?”

கார் என்னுடையது.

“அப்ப அவரையும் வேலை உடுப்போடை எடுங்கோ. இதே பிலிமிலை. ரெண்டும் இருந்தால்தான் கழுவக் குடுக்கலாம். சம்மதமெண்டால் எடுங்கோ, இல்லாட்டி எனக்குச் சீலைதான்.”

சம்மதித்தேன். மறுநாள் வீட்டுக்காரியிடம் அனுமதி கேட்டேன். முதலில் தன்னையும் பிள்ளைகளையும் எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். பிறகு குசினியில், பாத்திரம் கழுவும் தொட்டியருகே, புஷ்பத்தை ஒரே ஒரு படம். பாரிஸ் திரும்பும்போது சுருளில் ஒன்றுதான் மிச்சம்.

நேரே செல்வத்தின் உணவகப் பின்கதவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் உண்மையில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவன், இப்போது கையைத் துடைத்துக்கொண்டான்.

“அஞ்சு நிமிசம் தாங்கோ அண்ணை. கோட்டை எடுத்துக்கொண்டு வாறன்.”

“கோட்டு வேணாம்னுதாம்பா அவ சொல்லியிருக்கா.”

செல்வம் திரும்பி உள்ளே போனான். பிறகு நனைந்த ஏப்ரனோடு, சட்டிக் குவியலுக்கு முன்னால் நின்றான்.

படங்கள் வந்ததும் அவளுடையதைக் கையில் கொடுத்தேன். அழுவான் என்று நினைத்தேன். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“கழுவுற தொட்டி அவளுக்கு உயரம், அண்ணை. பாருங்கோ, நெய் டின்னுக்கு மேலை நிக்கிறாள். நாரியும் முதுகும் நோகுமெல்லோ. ஏன் எழுதேல்லை?”

எடுத்தவன் நான். எனக்கு அந்த டின் கண்ணில் படவே இல்லை.

அந்தப் பக்கம் கேமராவோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். துறைமுகம், பாலம், ராணுவக்காரர் பக்கம் திருப்பாதீர்கள், சுருளை உருவிவிடுவார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் முதலில் கேளுங்கள், பிறகு வீட்டுக்காரியிடம். இரவல் கடிகாரத்தோடு நிற்கிறவனை அப்படியே ஒன்று எடுத்துக் கொடுங்கள். அவன் வீட்டில் அதற்காகக் காத்திருக்கிறார்கள். உள்ளபடி நிற்கும் படத்தை அதற்குப் பிறகு கேட்கலாம். பிரதி அனுப்புவதாகச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். செல்வத்தின் படத்தை நான் அந்த வாரமே தபாலில் சேர்த்தேன்.

அடுத்த முறை நான் அம்மான் கிளம்பியபோது செல்வம் கடைக்கு, ஏறி நிற்க ஒரு மரப்படி கொண்டுவந்தான். அறையில் உட்கார்ந்து அவனே செய்தது. ஓரமெல்லாம் தேய்த்து, வழுக்காமலிருக்கக் காலுக்கு ரப்பர் ஒட்டியிருந்தான். நான்கு கிலோ இருக்கும்.

“உயரம் சரியோ தெரியேல்லை, அண்ணை. அவளின்ரை தலை எனக்கு இஞ்சை வரும்,” என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். “அந்தக் கணக்கிலை செய்தனான்.”

பெட்டியில் அதை முதலில் வைத்தேன். மிஞ்சிய இடம் என் துணிகளுக்குப் போதும்.