முகவரிக்கு இரண்டு வரி கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நஸீமாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலருந்து எடுத்துகினு வந்துகிட்டிருக்கோம். சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்றார். பின்னால் வண்டியின் இரைச்சல் கேட்டது.

நஸீமா பேகத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மந்தாரக்குப்பம் கடைவீதியில், ஒரு செருப்புக் கடையின் மாடியில், நானும் அவரும் ஏழு வருடம் சேர்ந்து சாப்ட்வேர் செய்துகொடுத்தோம். புரோகிராம் என்னுடையது. திரையில் எது எங்கே, எப்படித் தெரியவேண்டும் என்பது அவருடையது. முப்பத்தாறு வயதில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

என்னோடு சேருமுன் அவர் பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தார். "பஸ்ல போறவங்களுக்கு மூணு செகண்டுதாங்க. அதுக்குள்ள பேரு, மண்டபம், தேதி மூணும் கண்ல விழணும். மிச்சமெல்லாம் நம்ம ஆசைக்குத்தான்" என்று சேர்ந்த அன்றே சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் யார் வந்தாலும், "கலர் மேடம் பாத்துக்குவாங்க, வேலை நடக்கறத நான் பாத்துக்குவேன்" என்றுதான் அறிமுகம் செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் பில் போடும் திரையில் தங்க நிற லோகோ சுழலவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நஸீமா அவருடைய குடோனுக்குப் போய், பில் போடும் பெண்ணின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். "லோகோ நல்லா சுத்தட்டும் முதலாளி. பில் போடற பக்கத்துல மட்டும் வேணாம். அது சுத்தி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு ரெண்டு பில் போட்ரும்" என்றார். வியாபாரி சிரித்து ஒப்புக்கொண்டார்.

அடுத்து வந்தது ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவை. அலுவலகத்தில் முகவரியைத் தட்டினால் டிரைவரின் போனில் தெரியவேண்டும். கிலோமீட்டர், டீசல், டிரிப் விவரம் என்று எட்டு பட்டன்களை அந்தச் சின்னத் திரையில் அடுக்கியிருந்தேன்.

"முகவரிக்கு ரெண்டு வரி விடுங்க. குவார்ட்டர்ஸ் முகவரியில பிளாக் நம்பர் கடைசியிலதான் வரும்" என்றார் நஸீமா.

"அழகுக்காக இடத்த வீணாக்க முடியாதுங்க."

"அழகு கேக்கலைங்க. தெரியணும்னு கேக்கறேன்."

நான் விடவில்லை. ஒரு வரிதான் கொடுத்தேன். வரிக்குள் அடங்காதது தானாக வெட்டுப்படும்.

மூன்றாவது வாரம், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த கோவிந்தசாமி என்பவர் தம் குவார்ட்டர்ஸில் பக்கவாதத்தில் விழுந்தார். அவர் இருந்தது பிளாக் 24. டிரைவரின் திரையில் 4 வெட்டுப்பட்டு 2 மட்டும் தெரிந்தது. வண்டி இரண்டாம் பிளாக்கில் வீடு தேடி அலைந்துவிட்டு வந்துசேர அரை மணி நேரம் தாமதம். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் திரும்பவில்லை. தாமதம்தான் காரணமா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஆம்புலன்ஸ் உரிமையாளர் மாடியேறி வந்து, "யாருய்யா இந்த ஸ்கிரீன செஞ்சது?" என்று கத்தினார். நான் வாய் திறக்கும் முன் நஸீமா முந்திக்கொண்டார் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. வாய் திறக்க எனக்குப் போதுமான நேரம் இருந்தது. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நஸீமா எழுந்தார். "வரைஞ்சது நான்தாங்க. என் தப்பு."

அன்று சாயங்காலமே நான்கு பட்டன்களை எடுத்துவிட்டு முகவரிக்கு இரண்டு வரி கொடுத்தேன். அந்த நான்கு எங்கே போயின என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை நஸீமாவிடம் கேட்டேன். "உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா ஆபீசையே மூடணும்ங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினார். அது எனக்கு வசதியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நோய் வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதி அனுப்புவார்: "இந்த எழுத்து மங்கல். மருந்து ஏத்துன கண்ணுக்குத் தெரியல. அப்போ வயசானவங்களுக்கும் தெரியாது." அவர் கேட்டதையெல்லாம் மாற்றினேன். கேட்கவேண்டிய மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை.

செவ்வாய் மாலை அவர் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கையில் தடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான்தான் நஸீமாவோடு வேலை செய்தவன் என்று யாரோ சொல்ல, அவர் என்னைக் கூப்பிட்டார். கோவிந்தசாமி.

"அந்தப் பொண்ணு மாசம் தவறாம வூட்டுக்கு வந்துரும்பா. என்னாலதான்னு சொல்லிகினே இருக்கும். உடு தாயின்னாலும் கேக்காது" என்றார்.

இத்தனை வருடம் நஸீமா மாதாமாதம் அங்கே போய்வந்தது எனக்குத் தெரியாது. "ஐயா, தப்பு அவங்களது இல்ல. சரியாத்தான் செய்யச் சொன்னாங்க. கேக்காதவன் நான்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அத அந்தப் பொண்ணு உசுரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

அன்று சொல்லாததால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தொழுகை முடிந்து, உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். ஜெனரல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வந்த பஸ் ஓரமாக நின்று எஞ்சினை அணைத்தது. உள்ளே இருந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் கடந்து போகும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

அந்தப் பழி இனி உங்களுடையது அல்ல, நஸீமா. அமைதியாக உறங்குங்கள்.