மீனின் நீலம்

2006 அக்டோபர் 18, புதன்கிழமை, காலை ஒன்பது பத்து. கடல் பக்கமிருந்து மூடுபனி. மழை இல்லை, ஆனால் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி நனைந்திருந்தது. சிலி நாட்டு வால்பரைசோ நகரத்தில், ஒரு குன்றின் மேல் நூற்று அறுபத்து மூன்று படி ஏறி, நாங்கள் தேடி வந்த சுவரின் முன்னால் நின்றேன். சுவர் இருந்தது. அதில் இருக்க வேண்டிய மீன் இல்லை. ஐந்து சேவல்கள் இருந்தன.

"ஏனுங்க மாஸ்டர், இந்தச் சொவருதானுங்களா?" என்றாள் அம்மிணி.

"போட்டோவுல ஜன்னல் மூணு. இங்கயும் மூணு. கரண்ட் கம்பமும் அதேதான். மீனைத்தான் காணோம்."

அம்மிணி என்று நான் கூப்பிடுவது எங்கள் முதலாளியின் மகளை. திருப்பூர் ராயபுரத்தில் அவர்களுடைய பிரிண்டிங் யூனிட்டில் முப்பத்து நான்கு வருடமாக நான் கலர் மாஸ்டர். பனியன் துணியில் அச்சிடும் நிறங்களைக் கலப்பது என் வேலை. அவள் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர் இது. இந்த ஊர்க் கடைக்காரர் ஒருவருக்குப் பதினெட்டாயிரம் டீ-சர்ட், நெஞ்சில் இந்தச் சுவரின் மீன். வரைந்த பெண்ணிடம் அவரே அனுமதி வாங்கி, போட்டோவும் அனுப்பியிருந்தார். நாங்கள் அனுப்பிய சாம்பிள் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் ஒரே குறிப்பு: மற்ற ஆறு நிறமும் சரி, நீலம் மட்டும் சுவரில் இருக்கும் நீலம் இல்லை. போட்டோவைப் பார்த்துக் கலந்தவன் நான்.

முதலாளிக்கு மகள் எக்ஸ்போர்ட்டில் இறங்கியதே பிடிக்கவில்லை. "இந்த ஆர்டர் கேன்சலாச்சுன்னா ஆபீஸ் சாவியை என்ர கையில குடுத்துப்போட்டு ஊட்ல இரு" என்று என் முன்னாலேயே சொன்னார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் நீலத்தைக் காட்ட வேண்டும் என்று கடைக்காரர் கெடு வைத்தார். அதனால்தான் அறுபத்தெட்டு வயதில் பாஸ்போர்ட் எடுத்து, மூன்று விமானம் மாறி, நிற மாதிரிகள் ஒட்டிய ஷேட் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சேவல்களின் முன்னால் நின்றேன்.

கீழே ரொட்டிக் கடையில் விசாரித்தோம். மீனை வரைந்த பெண்தான் சேவலும் வரைந்தாளாம். போன மாதம். இப்போது வேறு குன்றில் வரைகிறாளாம், எது என்று தெரியாதாம். அவளைத் தெரிந்த கடைக்காரரோ ஒரு மாதமாக வெளியூரில், வெள்ளி காலைதான் திரும்புவார்; போனையும் எடுக்கவில்லை.

அன்று முழுக்க அவளைத் தேடிச் சுவர் சுவராக நடந்தோம். அந்த ஊரில் வெறும் சுவரைக் காண்பதுதான் அரிது. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பூனை. வாயைத் திறந்தபடி ஒரு கிழவன். அவன் வாய் இருந்த இடத்தில் அந்த வீட்டுக் கதவு. பாதி வீடுகளுக்குத் தகரச் சுவர், நெளிநெளியான தகரம். அதில் வரைந்த முகம் நேராக நின்றால் சிரிக்கிறது, பக்கவாட்டில் போனால் நசுங்கிவிடுகிறது. நான் ஒவ்வொன்றிலும் நிறங்களை எண்ணினேன். துணியில் அடிப்பதானால் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது ஒரு அச்சுச் சட்டம். பூனைக்கு ஒன்பது. கிழவனுக்குப் பதினாலு.

"பதினாலு கலரை எவன் அடிப்பான்? அலைன்மென்ட் பாத்தே கண்ணு போயிரும்."

"இவ்வளவு தூரம் வந்தும் ஸ்கிரீன் கணக்குதானுங்களா? சும்மா பாருங்க மாஸ்டர், நல்லா இருக்குதுங்க."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் வியாழன், அதற்கு மறுநாள் வெள்ளி. அன்று மட்டும் நாற்பத்தொரு சுவர் பார்த்தோம். அவள் கிடைக்கவில்லை.

வியாழன் காலை பதினொன்றரைக்குக் கிடைத்தாள். முப்பது வயது இருக்கும். சாரத்தின் மேல் நின்று ஒரு பூசணிக்காய்க்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அம்மிணி இங்கிலீஷில் பேச, அவள் பாதி இங்கிலீஷிலும் மீதி கையிலும் பதில் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"மீனு ரெண்டு வருசம் இருந்துச்சாம், போதுமாம். தான் அழிக்கலீன்னா வேற யாராச்சும் அழிச்சிருப்பாங்களாம்."

"அது அவ பாடு. நீலம் எந்த டப்பான்னு கேளு."

"டப்பா இல்லீங். மிச்சம் மீதி கெடந்ததை ஒண்ணாக் கலந்து அடிச்சாளாம். ஞாபகம் இல்லீங்களாம்."

கோபம் வந்தது. ஆனால் மிச்சக் கலர்ப் பேஸ்ட்டை ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குவது எங்கள் யூனிட்டிலும் நடப்பதுதான். அம்மிணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சாவியை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

நான் தலையைக் குனிந்திருந்தேன். சாரத்துக்கு அடியில் தரை முழுக்க மஞ்சள் துளி. எங்கள் யூனிட்டில் எந்த வாரம் என்ன கலர் ஓடியது என்று அறிய நோட்டைப் புரட்ட மாட்டேன், டேபிளுக்கு அடியில் தரையைப் பார்ப்பேன். சுவரை அழித்தவள் தரையை அழித்திருக்க மாட்டாள்.

"அம்மிணி, எந்திரி. சேவலுக்குப் போலாம்."

மறுபடியும் நூற்று அறுபத்து மூன்று படி. சுவரடியில் மண்டியிட்டேன்; வலது முழங்கால் கல்லில் நன்றாக இடித்தது. தரையில் மேலாகக் கிடந்த துளிகள் சிவப்பும் காவியும், சேவலுடையவை. ஐந்து சேவலிலும் நீலம் கிடையாது. ஆகவே நீலத் துளி இருந்தால் மீனுடையது. இருபத்தாறு துளி எண்ணினேன். ஆனால் நீலம் இரண்டாக இருந்தது. படியின் விளிம்புக்கு அடியில், வெயில் படாத துளிகள் அழுத்தமான நீலம். படியின் மேல் வெயிலில் கிடந்தவை வெளுத்து, லேசாகப் பச்சை தட்டியிருந்தன.

"அந்தப் போட்டோ எப்ப எடுத்ததுன்னு கடைக்காரர் சொன்னாரா?"

"வரைஞ்ச வாரமே எடுத்ததுன்னு மெயில்ல இருக்குதுங்க."

மூன்று சாம்பிளும் ஏன் திரும்பின என்று அப்போது புரிந்தது. நான் கலந்தது புது மீனின் நீலம். கடைக்காரர் இரண்டு வருடமாகத் தினமும் கடந்து போனது வெயில் தின்ற மீனை.

பெட்டிச் சாவியால் வெளுத்த துளி ஒன்றைச் சிமென்ட்டோடு நெம்பினேன். ரூபாய் நாணயம் அளவு பெயர்ந்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்து ஒரு அம்மாள் கத்திக்கொண்டு வந்தார். படி அவருடையதாம்.

"படியை ஒடைச்சதுக்கு ஐயாயிரம் பெசோ கேக்கறாங்க மாஸ்டர். நான் குடுக்கறேனுங்க."

"ஒடைச்சது நானு. நீ பையை மூடு."

வெள்ளி காலை பத்தரைக்குக் கடைக்காரரின் மேசையில் அந்தச் சில்லையும், பக்கத்தில் ஷேட் கார்டில் நான் குறித்த நீலத்தையும் வைத்தேன். அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து கார்டின் பின்புறம் கையெழுத்துப் போட்டார். சில்லைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொடுத்தோம்.

பதினெட்டாயிரமும் டிசம்பரில் கப்பலேறியது. ஆபீஸ் சாவி அம்மிணியிடமே இருக்கிறது. டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. என் கைக்காசு என்று பார்த்தால் படிக்கு ஐயாயிரம் பெசோ, அன்றைய கணக்கில் நானூற்று முப்பது ரூபாய். முழங்கால் வீங்கியதற்குத் திருப்பூரில் டாக்டருக்கு நூறு, எக்ஸ்ரே நூற்று எண்பது, மாத்திரையும் தைலமும் நூற்று நாற்பத்தாறு. மண்டியிட்டதில் கிழிந்த பேன்ட்டைத் தைக்க இருபத்தைந்து. கையிலிருந்து எவ்வளவு போனது என்று அம்மிணி இரண்டு முறை கேட்டாள், சொல்லவில்லை. போட்டோவின் தேதியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆக மொத்தம் எண்ணூற்று எண்பத்தொரு ரூபாய்.