அக்கா அழித்து வரைந்த கம்பெனி

என் அக்கா லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்றால், பலரும் அவள் லிஃப்ட் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்த மாட்டாள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளை விரித்த கம்பெனி அது. பொறியாளராகச் சேர்ந்து பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவியானவள். ஐம்பதைத் தாண்டிய வயதில், மொத்தக் கம்பெனியையும் பிரித்துப் புதிதாகக் கட்டும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

ஓர் ஆஸ்பத்திரியில்தான் அது தொடங்கியது. அங்கே லிஃப்டின் கதவு மோட்டார் எரிந்துபோய், ஒரு வாரம் நோயாளிகளைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதே மோட்டார் எல்லைக்கு அந்தப் பக்கம், இதே கம்பெனியின் கிடங்கில் தூசி படிந்து கிடந்தது. ஆனால் அது வேறு நாட்டுக் கிளையின் சொத்தாம். ஒவ்வொரு நாட்டுத் தலைவரும் ஒரு குறுநில மன்னர்!

சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து, நாடுகளைப் பிரித்த கோடுகளை அக்கா அழிப்பாள். கோடு போனால் அந்த நாட்டுத் தலைவரின் பதவியும் போகும். ரப்பர் துகள் மாமாவின் தட்டில் விழும். மாமா பல் டாக்டர்.

"பிடுங்குறதுக்கு முன்னாடி நாங்க மரத்துப்போக ஊசி போடுவோம். நீ என்ன போடப்போற?"

"நேர்ல போய் உண்மையைச் சொல்லிடுவேன்."

"அது ஊசி இல்லம்மா. அதுதான் வலி."

ஒவ்வொரு நாடாகப் போனாள். கத்தினவர்கள் உண்டு, வக்கீலைக் கூட்டி வந்தவர்களும் உண்டு. கடைசியாக ஒருவர். உடல் பருமனால் எல்லோரும் அவரை 'மலை' என்றார்கள். அக்கா சொல்லி முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"என் நாற்காலி போகட்டும். என் மெக்கானிக்குங்க ஒருத்தன் குரலைக் கேட்டே இன்னொருத்தன் கயித்தை இழுப்பான். அவங்களைப் பிரிச்சு எங்கெங்கயோ போட்டிருக்கீங்களே, யாராவது விழுந்தா என்ன சொல்வீங்க?"

"நான் யோசிக்கல சார்" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

வீட்டுக்கு வந்து மறுபடியும் அழித்தாள். மேலே எல்லாம் மாறும். கீழே சேர்ந்து வேலை செய்யும் எந்த மெக்கானிக் குழுவையும் தொடக் கூடாது என்று திட்டத்தையே திருப்பிப் போட்டாள். அப்படியும் மலையின் பதவி தப்பவில்லை. ஆனால் போவதற்கு முன், தன் ஆட்களைத் தானே கூட்டி வைத்து, புது ஏற்பாட்டை விளக்கிவிட்டுப் போனார்.

புது ஏற்பாடு தொடங்கிய காலையில் அவள் கார் பழுது. நான் கொண்டுபோய் விட்டேன். வரவேற்பறையில் இருந்த என்னை உள்ளே கூப்பிட்டாள். பெரிய கூடம். சுவர் முழுக்கத் திரை. ஒவ்வொரு லிஃப்டும் ஒரு புள்ளி. லட்சக்கணக்கான புள்ளிகள், வானத்தை இறக்கி மாட்டியது போல. ஒன்று சிவந்தது. எங்கோ ஒரு பெண்மணி மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்த பெண் அவர் மொழியிலேயே பேசினாள். மிக அருகில் இருந்த மெக்கானிக், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். எந்தக் கிளையிடமும் அனுமதி கேட்காமல் அவன் வண்டி எல்லையைக் கடந்தது. சிவப்பு மறைந்தது. அந்தப் பெண் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

யாரும் கைதட்டவில்லை. யாரும் அக்காவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நான் பேப்பர்லதான்டா கோடு போட்டேன்" என்றாள் மெதுவாக. "நிஜமாவே அசையுதே! பயமா இருக்கு."

மாலையில் கூட்டிப்போக வந்தபோது, இறங்கிப் போய் அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டேன்.

"என்னடா இது புதுப் பழக்கம்?" என்றாள்.